இருபத்தெட்டாம் வருஷத்து லாரி

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு லாரி நின்றதாம். அந்த லாரிக்கு முன்னால் பதினேழு பேர் நின்றார்களாம். எவனோ ஒருத்தன் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு அசையாதே என்றானாம், அன்றைக்கு நின்றவர்கள் இன்றுவரை அசையவில்லையாம். எனக்கு எதுவும் இப்படித்தான் தொடங்குகிறது, என்ன செய்ய, அம்மாவைப் பெற்ற தாத்தாவின் வாயைப் பார்த்தே வளர்ந்தவன், பாலிடெக்னிக்கில் அரியர் விழுந்தபோதும் மனசு முதலில் ஒரே ஒரு ஊரில் என்று சொல்லி அதை எங்கேயோ தூரத்தில் எவனுக்கோ நடந்ததாக ஆக்கிக்கொண்டது. ஆனால் இது தூரத்தில் நடக்கவில்லை. கோட்டாட்சியர் அலுவலகத்து வராந்தா, மர பெஞ்சு, என் தொடைக்கு அடியில் ஒரு ஆணி லேசாகத் தலை தூக்கியிருக்கிறது, மணி பத்தரை, பதினொரு மணிக்கு விசாரணை. சுண்ணாம்பு மேட்டில் நாற்பத்து மூன்று வீடுகள் இருக்கின்றன. அந்த மேட்டை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலில் விலைக்கு வாங்கினோம், வாங்கும்போது அது ஆள் குடியில்லாத கரட்டு நிலம், பத்திரத்திலேயே எழுதியிருக்கிறது என்று ஒரு மில்காரக் குடும்பம் சொல்கிறது. நாங்கள் அதற்கு முந்தியே அங்கே காளவாய் போட்டுச் சுண்ணாம்பு சுட்டுக்கொண்டிருந்தவர்கள் என்று மேட்டுக்காரர்கள் சொல்கிறார்கள். சொல்வதற்கு வாய் இருக்கிறது, காட்டுவதற்குக் காகிதம் இல்லை. ஒரு போட்டோ மட்டும் இருக்கிறது. அதில் லாரிக்குப் பின்னால் காளவாயின் வாயும் ஏழெட்டுக் குடிசையும் தெரிகின்றன. அந்தப் போட்டோ முப்பத்து நாலுக்கு முந்தியது என்றால் பத்திரம் பொய், வீடுகள் நிற்கும். பிந்தியது என்றால் வீடுகள் போகும். முந்தியது, இருபத்தெட்டு, என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் நான்.

நான் யார் இதைச் சொல்ல? மோட்டார் சைக்கிள் சர்வீஸ் கடையில் பில் போடுகிறவன். கடையில் நான் பேசுவது யாருக்கும் கேட்காது, 'தம்பி, வாய்க்குள்ளேயே பேசாதீங்க' என்று கவுண்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்து காதை நீட்டுவார்கள். என் பேச்சைக் கேட்டவர்கள் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தார்கள், பழைய போட்டோக்களில் நிற்கும் கார்களையும் லாரிகளையும் என்ன வண்டி, எந்த வருஷம் என்று கண்டுபிடிக்கும் வாட்ஸப் குழுவில். அங்கே நான் மெதுவாகப் பேசுவது யாருக்கும் தெரியாது. கோயம்புத்தூரில் ரிட்டையரான ஒரு இன்ஜினியர், மெல்போர்னில் ஒருத்தர், ஆம்பூரில் ஒரு டாக்டர், எல்லாரும் பெரியவர்கள், எல்லாரும் 'நவநீதன் என்ன சொல்றார்?' என்று கேட்பார்கள். ரேடியேட்டரின் மேல் விளிம்பு நேராக இருக்கிறதா வளைகிறதா, பானெட்டின் பக்கத்தில் காற்றுப் போவதற்கு மீன் செதில் மாதிரி வெட்டியிருக்கிறார்களே அது எத்தனை, விளக்கு எந்தக் கம்பியில் உட்கார்ந்திருக்கிறது, சக்கரத்துக்கு எத்தனை நட்டு. செதில் எண்ணுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. அந்தக் குழுவில் ஒரு விதி உண்டு, அட்மின் அதை மேலே ஒட்டியே வைத்திருக்கிறார்: ஆட்களை வெட்டிவிட்டு வண்டியை மட்டும் போடவும். இல்லாவிட்டால் பேச்சு வேறெங்கோ போய்விடும், ஒருத்தர் அந்தம்மா கட்டியிருப்பது சின்னாளபட்டியா என்பார், ஒருத்தர் அந்தத் தலைப்பாகை எந்த ஜாதி என்பார், சண்டை வரும். அதனால் வெட்டுவோம். எத்தனை கல்யாணம், எத்தனை பிரேத ஊர்வலம், எத்தனை பிள்ளைகள், எல்லாரையும் என் கட்டைவிரலால் ஓரமாகத் தள்ளித் தள்ளி வெட்டியிருக்கிறேன். அழகுமலை அண்ணன் தன் டிவிஎஸ் ஐம்பதைச் சர்வீசுக்கு விட வந்தபோது போனில் இந்தப் படத்தைக் காட்டினார். மூட்டை தூக்குகிறவர், சங்கத்தில் இருப்பவர், மேட்டு விவகாரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு அலைகிறவர். படத்தை வாங்கினேன், வெட்டினேன், போட்டேன். அரை மணி நேரத்தில் முடிவாகிவிட்டது. ஷெவர்லே, ஒரு டன் லாரி, இருபத்தெட்டு. எனக்குச் சந்தேகமே இல்லை. வக்கீல் தீனதயாளன் அதை ஒரு கடிதமாக எழுதச் சொன்னார், கீழே என் பெயருக்கு அடியில் 'பழைய வாகன நிபுணர்' என்று அவரே டைப் அடித்துக்கொண்டு வந்தார். அந்த நாலு எழுத்தை, நிபுணர், நான் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மேட்டிலிருந்து பதினொரு பேர் வந்திருக்கிறார்கள், பெஞ்சில் பாதிப் பேர், தரையில் பாதிப் பேர். எனக்குப் பக்கத்தில் பாண்டீஸ்வரி அக்கா, சித்தாள் வேலை, இன்றைக்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறது, அதைச் சொல்லிக் காட்டாமல் வேறு எல்லாவற்றையும் சொல்லிக் காட்டிக்கொண்டிருக்கிறது. 'ஏன் தம்பி, உள்ள போயும் இப்பிடித்தான் பேசுவீகளா? ஆபீசரம்மா காதுல மெசின் மாட்டிக்கிட்டுத்தான் கேக்கணும்.' 'சத்தமாப் பேசுவேன்க்கா.' 'இந்தா, இதுவே எனக்குக் கேக்கல.' தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தேன், ஆமாம், பத்து நிமிஷத்துக்கு முன்னால்தான், இப்போது நினைத்துப் பார்த்தால் அது வேறு யாரோ சிரித்த மாதிரி இருக்கிறது. அப்போதுதான் அழகுமலை அண்ணன் மஞ்சப்பைக்குள்ளிருந்து செய்தித்தாளில் சுற்றிய படத்தை எடுத்து, 'ஒரிஜினலைப் பாத்ததில்லேல்ல? பாருங்க' என்று என் மடியில் வைத்தார். அட்டையில் ஒட்டிய படம், மூலையில் கரையான் தின்ற இடம் ஒரு தீவு மாதிரி. போனில் பார்த்தபோது இவ்வளவு பெரிசு என்று தெரியவில்லை. முதலில் லாரியைத்தான் பார்த்தேன், பழக்கம், கண் தானாகப் பானெட்டுக்குப் போய்விட்டது, செதில் சரி, விளிம்பு சரி, என் லாரி. அப்புறம்தான் ஆட்களை எண்ணினேன். பதினேழு. இடுப்பில் இருக்கிற பிள்ளையைச் சேர்த்தால் பதினெட்டு. எதிர்ச்சுவரில் சாய்ந்து காலை நீட்டியிருந்த பிச்சையப்பு, எண்பத்திரண்டு வயசு, ஒரு கண்ணில் பூ விழுந்தவர், 'அந்தப் பிள்ளையத்தான் நான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்' என்றார். யாரும் கேட்கவில்லை, அவராகச் சொன்னார். 'எம்பது வருசமா நான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். போன மாசந்தான் அது நானில்லேன்னு தெரிஞ்சுச்சு.' 'சும்மா இரு அப்பு' என்றார் அழகுமலை அண்ணன். 'திருப்பித் திருப்பி அதையே பேசாத. அது உங்க அண்ணன். மொதப் பிள்ளை. அது செத்ததுக்கப்பறந்தான உன்னயப் பெத்து, இதாவது தங்கட்டும்னு தவுட்டுக்கு வித்து வாங்கி, பிச்சைன்னு பேரு வச்சாக? வக்கீல் சொல்லிக் குடுத்தாருல்ல?' 'சொல்லிக் குடுத்தாரு' என்றார் கிழவர். 'அண்ணன்னுதான் சொல்லுவேன். எங்க ஆத்தா இடுப்புல எங்க அண்ணன்.'

அவர் அதோடு நிறுத்தியிருந்தால். நிறுத்தியிருக்கலாம். அலுவலகத்து ஃபேன் மேலே கடக் கடக் என்று சுற்றிக்கொண்டிருந்தது, பாண்டீஸ்வரி அக்கா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தது, கிழவர் யாரையும் பார்க்காமல் பேசினார். 'ஆத்தா சொல்லும். அன்னைக்கு வண்டிக்கு அடுப்பு மூட்டுனாகளாம். ஒராளு திருகையச் சுத்துற மாதிரி ஒரு கைப்பிடியச் சுத்திக்கிட்டே இருந்தானாம், அதப் பாத்துப் பாத்து நான் சிரிச்சேனாம். எங்க அண்ணன்.' 'வண்டிக்கு அடுப்பா?' என்றது பாண்டீஸ்வரி அக்கா. 'எதுக்கு, இட்லி அவிக்கவா? லாரிக்குப் பசிச்சிருக்கும் போல.' சிரிப்பு. நான் மட்டும் சிரிக்கவில்லை. ஏனென்றால் வண்டிக்கு அடுப்பு மூட்டிய கதை எனக்குத் தெரியும். தாத்தா சொல்லியிருக்கிறார். யுத்த காலம், பெட்ரோல் கிடையாது, பஸ்ஸுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு டிரம், அதற்குள் அடுப்புக்கரி. கரியைப் பற்றவைத்து, கிளீனர் பையன் அரை மணி நேரம் விசிறியைக் கையால் சுற்றி ஊதினால் அந்தப் புகையில்தான் இன்ஜின் ஓடும். கரி பஸ் என்று பெயர். ஆண்டிபட்டிக் கணவாயில் ஏற முடியாமல் மூச்சு வாங்கி நிற்குமாம், எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டுமாம், தள்ளிவிட்டு ஏறினால் வெள்ளை வேட்டிக்காரன் கறுப்பு வேட்டிக்காரனாக ஏறுவானாம். நான் ம் கொட்டிக்கொண்டே கேட்டிருக்கிறேன். நூறு தடவை கேட்டிருக்கிறேன். யுத்த காலம் என்றால் நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று, நாற்பத்து நாலு. மடியில் படம் இருந்தது. குனிந்து பார்க்க எனக்கு இஷ்டமில்லை. குனிந்தேன். லாரியின் கேபினுக்குப் பின்னால், நான் போனில் வெட்டிப் போட்ட பக்கத்தில், தலைப்பாகை கட்டிய ஆளின் தோளுக்குப் பின்னால், டிரம். அதன் அடியிலிருந்து ஒரு குழாய் புறப்பட்டு, ஃபுட்போர்டை ஒட்டியே முன்னால் வந்து, பானெட்டுக்குள் நுழைகிறது. என் செதில்களுக்குக் கீழே நுழைகிறது. செதில்களை எண்ணினவன் குழாயை நிழல் என்று நினைத்திருக்கிறான்.

தண்ணீர் டிரம்மாக இருக்கலாம். சுண்ணாம்பு நீற்ற தண்ணீர் வேண்டுமே, காளவாய்க்குப் போகிற லாரியில் தண்ணீர் டிரம் இருக்காதா. தண்ணீர் டிரம்முக்குக் குழாய் எதற்கு. இன்ஜின் சூட்டை ஆற்ற. சூட்டை ஆற்ற ரேடியேட்டர் இருக்கிறது, குழாய் ரேடியேட்டருக்குப் போகவில்லை. நிழலாகவே இருக்கலாம். நிழல் வளையுமா. லாரியின் மேல் ஐந்தாறு சாக்கு, காளவாய்க்கு வந்த கரி என்று வக்கீல் எழுதியிருக்கிறார், காளவாய்க்கு இறக்க வேண்டிய சரக்கை ஏன் கேபினுக்குப் பக்கத்தில் கைக்கெட்டுகிற மாதிரி அடுக்க வேண்டும். அது சரக்கில்லை. அது லாரியின் சோறு. கைப்பிடியும் இருக்கிறது, டிரம்முக்குப் பக்கத்தில், குழந்தை அந்தப் பக்கம்தான் முகத்தைத் திருப்பியிருக்கிறது, எல்லாரும் கேமராவைப் பார்க்கிறார்கள், அது மட்டும் கைப்பிடியைப் பார்க்கிறது, பார்த்துக்கொண்டே அசைந்திருக்கிறது, அதனால்தான் அதன் வாய் மட்டும் கலங்கலாக விழுந்திருக்கிறது. சிரித்திருக்கிறது. லாரி இருபத்தெட்டுதான், அதில் நான் தப்பில்லை, இப்போது கொண்டுவாருங்கள், எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் சொல்வேன், லாரி இருபத்தெட்டு. லாரி பிறந்த வருஷத்தை நான் சொன்னேன், அவர்கள் கேட்டது படம் எடுத்த நாளின் வருஷத்தை. பதினாறு வருஷம் ஓடித் தேய்ந்து நாலு கை மாறின லாரிக்கு யுத்தத்தில் ஒரு டிரம்மை மாட்டி மேட்டுக்கு ஓட்டிவந்திருக்கிறான் ஒருத்தன். அந்த டிரம் மெல்போர்ன்காரருக்குத் தெரியாது, ஆம்பூர் டாக்டருக்குத் தெரியாது, நான் ஆட்களோடு சேர்த்து அதையும் வெட்டித்தானே அனுப்பினேன். எதிர்ச்சுவரில் பிச்சையப்பு காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு மூக்கை வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா, காதில் தண்டட்டி தொங்க, கண்ணைச் சுருக்கிக்கொண்டு என் மடியில் நிற்கிறாள். இடுப்பில் அவர். அவரேதான். அந்த அம்மாவுக்கு இருக்கிறது இந்த ஒரு படம், அதில் அவருக்கு இருந்தது அந்த ஒரு இடம், அங்கிருந்து அவரை இறக்கிவிட்டுச் செத்த பிள்ளையை ஏற்றி வைத்திருக்கிறேன்.

சொல்லிவிடலாம். இப்போதே. அழகுமலை அண்ணனிடம் சொன்னால் போதும், படத்தைக் காட்டாதீர்கள், இது பிந்தியது. காட்டாவிட்டால் வேறென்ன இருக்கிறது அவர்களிடம். ஒன்றுமில்லை. சரி, காட்டினால், எதிர்ப்பக்கம் கண்டுபிடிக்குமா. அவர்கள் பக்கம் வராந்தாவின் அந்த மூலையில் ஒரே ஒரு வக்கீல், சின்ன வயசு, போனில் ஏதோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார், நிபுணர் யாரும் வரவில்லை. டிரம்மை யார் பார்க்கப் போகிறார்கள், நானே பார்க்கவில்லையே. நாற்பத்து மூன்று வீடு. உண்மையில் அவர்கள் இருபத்தெட்டில் அங்கே இருந்தும் இருக்கலாமே, யார் கண்டது, படம் எடுக்கவில்லை என்பதால் ஆள் இல்லை என்று ஆகிவிடுமா. அப்படிப் பார்த்தால் நான் சொல்வது பொய்யும் இல்லை. பொய்தான். 'அண்ணே' என்றேன். அழகுமலை அண்ணன் திரும்பவில்லை. 'அண்ணே, இந்தப் படத்துல ஒரு டிரம் இருக்கு.' 'என்ன தம்பி?' 'டிரம்.' 'தண்ணியா? இந்தா, பாட்டில் இருக்கு' என்று பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, படியேறி வந்த வக்கீலைப் பார்த்து எழுந்து போய்விட்டார். பாட்டிலைத் திறந்து குடித்தேன். தாகம் இல்லாமல் அரை பாட்டில் குடித்தேன். வக்கீல் தீனதயாளன் பெஞ்சின் கைப்பிடியில் ஒரு பூட்ஸ் காலை வைத்துக்கொண்டு, 'நிபுணர் சார், ரெண்டே வார்த்தை, மாடல், வருஷம், அவ்வளவுதான், லெக்சர் வேணாம். அப்பு, நீங்க ஒரே வார்த்தை, அண்ணன்' என்றார். 'அண்ணன்' என்றார் பிச்சையப்பு. 'இன்னொரு தடவை.' 'அண்ணன்.' 'பாத்துக்க அப்பு, மேடு உன் வாயிலதான் இருக்கு' என்றது பாண்டீஸ்வரி அக்கா, சொல்லிவிட்டு அவருடைய சட்டைப் பித்தான் தப்பாகப் போட்டிருந்ததைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டது. அவர் பிள்ளை மாதிரி நெஞ்சைக் காட்டிக்கொண்டு நின்றார். கதவுக்கு வெளியே டவாலி வந்து, 'சுண்ணாம்பு மேடு!' என்று கத்தினான். என் தொடையில் அந்த ஆணி குத்திய இடம் எழுந்த பிறகுதான் வலித்தது.

உள்ளே கோட்டாட்சியர் அம்மாவுக்கு ஜலதோஷம், மேஜையில் ஒரு ஃபிளாஸ்க், கண்ணாடிக்கு அடியில் ஏதோ ஒரு அம்மன் படம், சுற்றிலும் ஃபைல். எல்லாரும் நின்றோம். 'நீங்கதானா வண்டி பாக்குறவர்? காலேஜ் பையன் மாதிரி இருக்கீங்க. எப்படிச் சொல்றீங்க இருபத்தெட்டுன்னு?' நான் சொன்னேன். ரேடியேட்டர், விளிம்பு, செதில், விளக்கு. 'சத்தமா.' மறுபடி சொன்னேன், அந்த அறையில் என் குரல் எனக்கே புதுசாகக் கேட்டது, எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள், டைப் அடிக்கிறவர்கூட நிறுத்திவிட்டுக் கேட்டார், இப்படி ஒரு அறை முழுக்க என்னைக் கேட்டதே இல்லை. அந்த அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். 'சரி, வண்டி இருபத்தெட்டு. படம்?' ஃபிளாஸ்க்கின் மூடியிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு பையன் இருந்தானாம் என்று மனசு ஓடப் பார்த்தது, அதைப் பிடித்து நிறுத்தினேன், எனக்குப் பின்னால் பாண்டீஸ்வரி அக்கா மூச்சு விடுவது கேட்டது, வெற்றிலை வாசனை, நாற்பத்து மூன்று வீடு, நிபுணர். 'அதே காலந்தான் மேடம்' என்றேன். 'புது வண்டியா இருக்கணும். பெயின்ட் பளபளப்பு தெரியுது.' பெயின்ட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானாகச் சேர்த்தேன். டைப் அடிக்கிறவர் அடித்தார். எதிர்ப்பக்கத்து வக்கீல் எனக்குக் கேள்வி எதுவும் இல்லை என்றார், அவ்வளவுதானா, இவ்வளவு லேசா என்று நினைத்தேன். அந்த அம்மா நல்ல மாதிரி, அதுதான் கெடுத்தது. படத்தை மூடிவைக்கப் போனவர் கிழவரைப் பார்த்துவிட்டு, 'அய்யா, பெரியவர் நீங்கதான் போல, இதுல இருக்கவங்க யாரையாவது தெரியுமா?' என்று அன்பாகத்தான் கேட்டார், படத்தைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்திக் கொடுத்தார், மேஜை விளக்கைக்கூட அவருக்காகப் போட்டார். பிச்சையப்பு குனிந்தார். அவ்வளவு வெளிச்சத்தில் அதை அவர் எப்போதும் பார்த்திருக்க மாட்டார். நல்ல கண்ணைப் படத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார், விரல் ஊர்ந்து போய் அந்தத் தண்டட்டிக்காரி மேல் நின்றது. 'இது எங்காத்தா.' 'இடுப்புல இருக்கிறது?' வக்கீல் தீனதயாளன் இருமினார். அழகுமலை அண்ணன் அப்பு என்றார், உதட்டை அசைக்காமல். கிழவருக்குக் கேட்கவில்லை, அவர் அந்த அறையிலேயே இல்லை, அவருடைய முகத்தில் ஒரு சிரிப்பு வந்துகொண்டிருந்தது. 'நாந்தான்' என்றார். 'வண்டியப் பாத்துச் சிரிக்கேன்.' சின்ன வயசு வக்கீல் போனைப் பையில் போட்டுவிட்டு எழுந்தார். 'அய்யாவுக்கு என்ன வயசு? ஆதார் இருக்கா?'

மூன்று நிமிஷம்கூட ஆகியிருக்காது. வயசு எண்பத்திரண்டு, கழித்தால் பிறந்தது நாற்பத்து மூன்றில், கணக்குத் தெரியாதவனும் போடுகிற கணக்கு. கோட்டாட்சியர் அம்மா என்னை ஒரு தடவை பார்த்தார், நான் ஏமாற்றுகிறேன் என்ற பார்வைகூட இல்லை, பாவம், பையனுக்குத் தெரியவில்லை என்ற பார்வை. பேனாவை மூடினார். வராந்தாவுக்கு வந்ததும் வக்கீல் தீனதயாளன், 'ஆர்டர் வரட்டும், பாப்போம்' என்று யாரிடமோ சொல்கிற மாதிரி தூணிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். அப்புறம்தான் எல்லாரும் பேசினார்கள், எல்லாரும் ஒரே ஆளிடம் பேசினார்கள். 'ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்ல வக்கில்ல உனக்கு.' 'சாகப் போற காலத்துல எங்க எல்லாரையும் சேத்துப் புதைச்சிட்டுப் போறான்யா கெழவன்.' அழகுமலை அண்ணன் திட்டவில்லை, படத்தைச் செய்தித்தாளில் சுற்றப் பார்த்தார், கை சரிவரவில்லை, அப்படியே கிழவரின் மடியில் போட்டுவிட்டு, 'நீயே வச்சுக்க, ஒன் போட்டோதான' என்று சொல்லிவிட்டு நடந்தார். மற்றவர்கள் பின்னாலேயே போனார்கள். நான் தூணோடு சாய்ந்து நின்றேன். தப்பு என்னுடையது, அவர் சொன்னது நிஜம், பிந்தியது அந்தப் படம், எனக்குப் பத்தரைக்கே தெரியும், இவ்வளவுதான் சொல்ல வேண்டும், மூச்சு இழுத்து ஒரு தடவை. சொன்னாலும் மேடு போகத்தான் போகும். ஆனால் என் கையால் போயிருக்கும், இவர் வாயால் போயிருக்காது. பாண்டீஸ்வரி அக்கா கடைசியாக என்னிடம் வந்தது. கண் சிவந்திருந்தது. சொல்லிவிடு, இதனிடமாவது சொல்லிவிடு, இதுதான் உன் குரலைக் கேலி செய்கிற ஆள், இது காதைக் கொடுத்துக் கேட்கும். 'நீங்க நல்லாச் சொன்னீக தம்பி' என்றது. 'கணீர்னு. நான்கூட எதிர்பாக்கல. எங்களுக்குத்தான் குடுப்பினை இல்ல.' என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டது.

வராந்தாவில் நானும் அவரும். அவர் எழுந்திருக்கச் சுவரைப் பிடித்தார், நான் போய்க் கையைக் கொடுத்தேன், கை காய்ந்த விறகு மாதிரி இருந்தது. எழுந்து நின்று வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். 'தம்பி, ஒன்னு கேக்கட்டுமா' என்றார். 'கேளுங்கய்யா.' 'நான் பொய் சொல்லிட்டேனோ?' அவரே தொடர்ந்தார். 'ஆத்தா மூஞ்சியப் பாத்ததும் புத்தி கெட்டுப்போச்சு. அது என்னமோ என்னத் தூக்கி வச்சிருக்க மாதிரியே இருந்துச்சு. நீங்க படிச்சவுக, எண்ணிப் பாத்து இருபத்தெட்டுன்னு சொல்லியிருக்கீக, அப்ப அது அண்ணனாத்தான இருக்கும். ஊரு குடியக் கெடுத்துட்டேன்.' அய்யா, அது நீங்கள்தான். மூன்று வார்த்தை. சொல்லவில்லை, இன்னும் சொல்லவில்லை, அவர் என் முகத்தையே நல்ல கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார், நான் ஏதாவது சொல்வேன் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார், காத்திருந்துவிட்டு, சரி என்கிற மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு, படத்தை என் கையில் கொடுத்தார். 'இது ஒங்ககிட்டயே இருக்கட்டும். வண்டிக்கு ஆகும்.' வாங்கிக்கொண்டேன். படியில் ஒவ்வொரு காலாக இறங்கினார். கீழே இறங்கி, மற்றவர்கள் போன பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு நிமிஷம் பார்த்தார், அவர்கள் அங்கே நிழலில் நின்றுகொண்டிருந்தார்கள், யாரும் கூப்பிடவில்லை. அவர் மறுபக்கம் திரும்பி, வெயிலில், ரோட்டோரமாக நடந்து போனார்.